தணிகாசலம் போடாமல் விட்ட குழாய்

குன்னூர் மலையில், மேகம் வீட்டுக்குள் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகிற உயரத்தில், யாரோ ஒரு துரை தன் முழங்கால் வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று கட்டி, வலி தீருவதற்குள் கப்பலேறிப் போய்விட்ட பங்களா ஒன்று இருந்தது. அந்தப் பங்களாவின் கூடத்தில் ஆள் குனிந்து நுழையலாம் போன்ற கணப்பு அடுப்பு ஒன்றும், அதற்கு மேலே ஒரு கன்றுக்குட்டியைக் கயிறு கட்டி இறக்கலாம் போன்ற அகலத்தில் புகைபோக்கி ஒன்றும் இருந்தன. அந்தக் கணப்புக்கு எதிரே, தனக்குத் தெரியாத விஷயம் எதுவும் உலகத்தில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று மனதார நம்பிய தணிகாசலம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

தணிகாசலம் தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் டிரையரைக் கவனித்துக்கொண்டு இருந்து ஓய்வு பெற்றவர். நெருப்பு, காற்று, புகை மூன்றும் தன் பேச்சைக் கேட்கும் என்பது அவர் எண்ணம். கேட்காத நாட்களில் அவைதான் தப்பு செய்கின்றன என்று எடுத்துக்கொண்டு, பெருந்தன்மையாக மன்னித்துவிடுவார். குளிரைப் பற்றியும் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. "மலையில பொறந்தவனுக்குக் குளிர் ஏதுங்க?" என்பார். ஜனவரி மாதத்தில் அரைக்கைச் சட்டையோடு வாசலில் நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொல்வார்.

அதனால் அந்த வீட்டில் மனிதர்களுக்காகக் கணப்பு எரிந்ததே இல்லை. அவருடைய அம்மா அலமேலம்மாள், இருந்த காலத்தில், சுவரில் இவ்வளவு பெரிய மாடத்தைச் சும்மா விடக் கூடாது என்று கணப்புக்குள் பலகை அடித்து, சாமி படங்களை அடுக்கி, அதைப் பூஜை மாடமாக்கிவிட்டார். கற்பூரப் புகைக்கும் சாம்பிராணிப் புகைக்கும் மேலே தயாராக வழி இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் தெருவே அங்கே கூடும். மேட்டுத் தெருவின் ஸ்டெல்லா டீச்சர்கூட ஜெபமாலையைக் கைப்பையில் வைத்து ஜிப்பை மூடிவிட்டு வருவார். எங்க ஆண்டவர் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கார், உங்க சாமி காதுலயும் ஒரு வார்த்தை போட்டு வைப்போம் என்பார். எல்லோருடைய வேண்டுதலும் புகையோடு புகையாக மேலே போயிற்று. போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. புகைபோக்கி வழியே குரங்கு இறங்குகிறது என்று அதன் வாயில் தகரத்தை வளைத்து அடித்து வைத்திருந்தவர் தணிகாசலம். அதையும் தன் சாதனைகளில் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த வீட்டுக்குத்தான் கோமதிநாயகி சங்கரன்கோவிலிலிருந்து ஒரு மார்கழியில் மருமகளாக வந்தாள். வெயிலைத் தவிர வேறு எதுவும் பஞ்சமில்லாமல் கிடைக்காத ஊர் அது. வந்த சில நாட்களிலேயே அவள் பக்தி தெருவெங்கும் பேச்சாயிற்று. காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் கற்பூரம் ஏற்றுவாள். சுடரின் மேல் இரண்டு கைகளையும் குவித்து, கண்ணை மூடி, கற்பூரம் கரைந்து அணைகிறவரை நகராமல் நிற்பாள்; பிறகு அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். "மருமவள்னா இப்படி அமையணும்" என்று அலமேலம்மாள் பார்க்கிற எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, மற்ற வீட்டு மருமகள்களின் சாபத்தைத் தாராளமாக வாங்கிக்கொண்டார். கோமதிநாயகியின் உடம்பில் எப்போதும் ஒரு பழுப்பு ஸ்வெட்டர் இருக்கும். அது நைந்தால் அதே நிறத்தில் இன்னொன்று வரும். அது அவளுக்குப் பிடித்த உடை என்று தணிகாசலம் நினைத்துக்கொண்டார்.

அந்த முதல் மார்கழியில் ஒரு மாலை, அவர் ஃபேக்டரியிலிருந்து திரும்பியபோது அவள் கணப்பின் முன்னால் கை குவித்து நின்றிருந்தாள். "இனிமே என்னால இங்க இருக்க முடியாது" என்றாள், சாமி பக்கமே பார்த்தபடி. அவருக்குக் காதுக்குள் தேயிலை மெஷின் ஓடியது போல ஆகிவிட்டது. வந்த சுவடு தெரியாமல் வெளியே போய், தேநீர்க் கடையில் உட்கார்ந்துவிட்டார். என்ன என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம். அன்றிலிருந்து அவளைப் பிறந்த ஊருக்குத் தனியாக அனுப்பியதே இல்லை. கூடவே போவார், வெயில் தாங்கவில்லை என்று மாமனார் வீட்டில் முகத்தைச் சுளிப்பார், மறுநாளே பஸ் ஏற்றிக் கூட்டி வந்துவிடுவார். அவள் பஸ்ஸின் வெயில் படும் பக்கமாகப் பார்த்து உட்கார்வாள். அதையும் அவர் கவனித்தார், ஊரைப் பிரிகிற வருத்தம் என்று முடிவு கட்டினார்.

இப்படியே அம்மா காலமாகி, அவரும் ஓய்வு பெற்று, பேச ஆளில்லாமல் திண்டாடிய நேரத்தில் கோயம்புத்தூர் கண்காட்சி ஒன்றில் பெல்லட் அடுப்பைப் பார்த்தார். மரத்தூளை அழுத்தி விரல்கடை நீளத்துக்குக் குச்சி குச்சியாகச் செய்து, அதை ஒரு பெட்டியில் கொட்டினால், அடுப்பு தானே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தின்று எரியும். பழைய கணப்பின் வாய்க்குள் அப்படியே செருகிவிடலாம். முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே விசிறி. தணிகாசலம் அதைக் குளிருக்காக வாங்கவில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று நாலு பேருக்கு விளக்குவதற்காக வாங்கினார்.

அடுப்போடு கூடவே, மலைப்பாம்பு சுருண்டது போல வளைகிற எஃகுக் குழாய் ஒன்றும் வந்தது. அடுப்பின் முதுகிலிருந்து பழைய புகைபோக்கியின் உச்சிவரைக்கும் இந்தக் குழாயைக் கொண்டுபோய், சுற்றியிருக்கும் இடைவெளியைக் கீழே தகடு வைத்து அடைக்க வேண்டும், இல்லையென்றால் புகை பாதி வழியில் குளிர்ந்து நின்றுவிடும், சூடும் வீட்டுக்குள் தங்காமல் மேலேயே போய்விடும் என்று கூட வந்த விளக்கப் புத்தகத்தில் படம் போட்டே காட்டியிருந்தார்கள். தணிகாசலம் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இவ்வளவு பெரிய சிம்னி இருக்கறப்ப அதுக்குள்ள ஒரு குழாயா? ஆத்துக்குள்ள வாய்க்கால் வெட்டச் சொல்றான்" என்றார். "டிரையர் ஓட்டினவன்கிட்டயே புகையப் பத்திப் பாடம்."

"புஸ்தகத்துல போட்டுருந்தா போட்ருவமே" என்றாள் கோமதிநாயகி.

"உனக்குத் தெரியாது" என்றார் அவர். அந்த வீட்டில் அதிகமாகப் புழங்கிய வாக்கியம் அதுதான். குழாயைக் கொண்டுபோய், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் பின்கட்டு மேரக்காய்ப் பந்தலுக்குப் போவதற்குக் கட்டிவிட்டார். மேரக்காய்க் கொடி செழித்தது. சாமி படங்களைச் சாப்பாட்டு அறை ஷோகேஸில், அவர் ஃபேக்டரி கேரம் போட்டியில் வாங்கிய கோப்பைகளுக்கு நடுவே இடம் பண்ணி வைத்தார். கூரை மேல் ஏறித் தகரத்தைப் பிடுங்கினார். அடுப்பைப் பற்றவைத்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் நெருப்பு மிக அழகாக ஆடியது. புகை மேலே போயிற்று, அகலமான இருட்டில் தனியாக நின்றது, களைத்தது, சுவரில் சாய்ந்தது, அங்கே காலங்காலமாக ஒட்டிக்கொண்டிருந்த கரியை மெல்ல உரசியது. வீடு மர வாசனை அடிக்கவில்லை, கற்பூர வாசனை அடித்தது. ஈரம்தான் காரணம் என்றார் தணிகாசலம்.

மறுநாள் ஸ்டெல்லா டீச்சர் வீட்டு வாசலில் லைன்மேன்கள் இருவர் ஏணியோடு வந்து நின்றார்கள். எந்த ஆபீஸிலிருந்து வருகிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. கம்பி இழுத்து, டயலில் விரல் விட்டுச் சுற்றுகிற கறுப்பு டெலிபோன் ஒன்றை மேஜையில் வைத்து, கையெழுத்துகூடக் கேட்காமல் போய்விட்டார்கள். டெலிபோனிலிருந்து சாம்பிராணி மணம் வந்தது. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "நான் கேட்டதுதான்" என்றார். "அலமேலம்மா வீட்டு வெள்ளிக்கிழமையில கேட்டேன். அப்ப எனக்கு ஒரு பல்லுகூட விழல."

அடுத்தது கவுன்சிலர் போஜராஜன். சின்ன வயதில் அவர் கேட்ட சிவப்புச் சைக்கிள் வீட்டுக் கேட்டில் சாய்ந்து நின்றது, பத்து வயதுப் பையன் ஓட்டுகிற அளவில். அவர் முழங்கால்களை இரண்டு பக்கமும் விரித்து அதில்தான் நகராட்சிக் கூட்டத்துக்குப் போனார். யாரும் சிரிக்கவில்லை, சிரித்தால் தங்களுக்கு என்ன வருமோ என்ற யோசனை எல்லோருக்கும் இருந்தது. மண்ணெண்ணெய் க்யூ சீக்கிரம் நகர வேண்டும் என்று யாரோ வேண்டியிருந்தார்கள். மண்ணெண்ணெயே இல்லாத ரேஷன் கடையில் க்யூ விறுவிறுவென்று நகர்ந்தது. வாடகை ஏற்றிய வீட்டுக்காரன் நாசமாய்ப் போக வேண்டும் என்ற வேண்டுதல் ஒன்று வெளியே வந்து, அந்த ஆள் எப்போதோ செத்துவிட்டதைத் தெரிந்துகொண்டு, தண்ணீர்த் தொட்டி மேல் கரி வளையமாக ஒரு வாரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போயிற்று.

ஊர் இதையெல்லாம் மழை சீக்கிரம் வந்த வருஷம் போலத்தான் எடுத்துக்கொண்டது. ஏன் என்று கேட்பதை விட்டு எப்போது என்று கேட்கத் தொடங்கினார்கள். காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் தணிகாசலத்தின் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்து, "இன்னிக்கு நீலமா வருது, யாருக்கோ வேலை கெடைக்கும்" என்று சொல்லிக்கொண்டார்கள். பெல்லட் மூட்டைகளை நேர்த்திக்கடன் போல வாசலில் இறக்கினார்கள். வேண்டியது என்ன என்று மறந்துபோனவர்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். வாசல் கதவு சாத்தவே இல்லை. பனி உள்ளே வந்து அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்தது. தணிகாசலம் நடுவில் நின்று, கரி தேயிலைக் குவியல் மாதிரி, பழசு அடியில் இருக்கும், ஆகவே பழைய வேண்டுதல்தான் முதலில் வரும் என்று ஒரு பெல்லட் குச்சியால் சுட்டிக்காட்டி விளக்கினார். அதற்கு மறுநாளிலிருந்து புதுசும் பழசும் கலந்தே வந்தன. அவர் விளக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அவருடைய அம்மா அவருக்காகக் கேட்டவையும் வந்தன. பிள்ளைக்குப் பசி எடுக்க வேண்டும் என்றது வந்த நாளில் அவர் இட்லிப் பானையைக் காலி செய்தார். கணக்கில் பாஸாக வேண்டும் என்றது வந்த நாளில் வகுத்தல் கணக்காகப் போட்டுத் தள்ளினார். முடி கொட்டக் கூடாது என்றது வந்தபோது கொட்டுவதற்கு மிச்சம் இல்லை. ஒரு பிற்பகல், அலமேலம்மாள் ஆயுள் முழுக்க விடாமல் கேட்ட வேண்டுதல், என் பிள்ளைக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்பது, புகைபோக்கியே அடைத்துக்கொள்ளும்படி திரண்டு வெளியே வந்தது. ஊரே எழுந்து நின்று பார்த்தது. அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பி அதைக் கோத்தகிரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அங்கே முன்பின் தெரியாத ஒருவர் அன்றோடு குடியை விட்டார் என்று பேப்பர் போடுகிறவர் வந்து சொன்னார்.

எல்லோரும் சிரித்தார்கள், தணிகாசலமும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு அந்த மார்கழி மாலை ஞாபகம் வந்துவிட்டது. இங்க இருக்க முடியாது என்று அவள் கேட்டதும் இந்தப் புகைபோக்கிக்குள்தானே எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கும்? இன்றைக்கோ நாளைக்கோ அது உதிர்ந்து வெளியே வந்தால், ஏணியோடு வந்த லைன்மேன் மாதிரி ஒரு பஸ் வாசலில் வந்து நிற்கும்; அவள் ஏறிப் போய்விடுவாள். கோமதிநாயகி இல்லாத வீட்டில் உனக்குத் தெரியாது என்று யாரிடம் சொல்வது?

அதன் பிறகு தினமும் புகையின் நிறத்தையும் மனைவியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சாலையில் பஸ் ஹாரன் கேட்டால் ஓடிப்போய்க் கேட்டைப் பூட்டினார். கடைசியில், வேறு வழி தோன்றாமல், தான் வேண்டாம் என்ற குழாயையே போட்டுவிடுவது என்று முடிவுக்கு வந்தார். குழாய் உள்ளே போனால் புகை சுவரைத் தொடாது. தொடாவிட்டால் எதுவும் உதிராது. அவள் கேட்டது அங்கேயே கிடக்கும். இதை ஊருக்கு எப்படிச் சொல்வது என்றுதான் விளங்கவில்லை.

ஒரு காலை, கூடத்தில் கூட்டம் சேர்வதற்கு முன், பின்கட்டில் குழாயை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது கோமதிநாயகி வந்துவிட்டாள்.

"அத என்னத்துக்கு அவுக்கீங்க? மேரக்கா வாடிரும்லா?"

"சும்மா."

"சும்மா யாராவது குழாயக் கழுத்துல போட்டுட்டு நிப்பாங்களா?"

தணிகாசலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. குழாயைக் கழுத்திலேயே வைத்துக்கொண்டு ஈர மண்ணில் உட்கார்ந்தார். "நீ வந்த மொத மார்கழியில, சாமி முன்னால நின்னு, இங்க இருக்க முடியாதுன்னு வேண்டிக்கிட்டே. நான் கேட்டுட்டேன். அது வெளிய வந்துடும்னு பயமா இருக்கு கோமதி" என்றார்.

அவள் பொங்கி வழிந்த பாலைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தாள்.

"கேட்டுட்டு என்ன செஞ்சீங்க?"

"சத்தமில்லாம வெளிய போயிட்டேன்."

"உங்ககிட்டதான் சொன்னேன்" என்றாள். "செருப்புச் சத்தம் கேட்டுச்சு, நீங்கன்னு தெரிஞ்சுது. இனிமே என்னால இங்க இருக்க முடியாது, இந்தக் குளிருக்கு ஏதாவது வழி பண்ணுங்கன்னு சொல்லிட்டுத் திரும்புனா, ஆளக் காணும்."

"அப்ப கைய ஏந்திக்கிட்டு நின்னியே? கண்ண மூடிக்கிட்டு?"

"சமையலடுப்ப விட்டா வீட்டுல நெருப்புன்னு வேற எங்க இருந்துச்சு? குளிர் காஞ்சேன்."

"மூணு வேளையுமா?"

"மூணு வேளையும் குளிருச்சுல்லா. அத்தை பக்தின்னு நெனச்சு கற்பூரத்த டப்பா டப்பாவா வாங்கிப் போட்டாங்க. நானும் சொல்லல."

தணிகாசலம் மூக்கை உறிஞ்சினார். குளிரைப் பற்றித் தான் வாசலில் நின்று பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வர, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வெட்கப்பட்டார்.

"அப்ப சிம்னிக்குள்ள உன் வேண்டுதல் ஒண்ணுமே இல்லியா?"

"இல்ல. சாமிய நான் எதுவும் கேக்கல. உங்ககிட்ட சொன்னது எங்க போச்சோ, நீங்கதான் தேடணும்."

"இப்ப அடுப்பு வந்துடுச்சே. இப்பவும் குளிருதா?"

"கண்ணாடியில நெருப்பு நல்லாத் தெரியுது. பாக்க நல்லாதான் இருக்கு. சூடெல்லாம் மேல போயிருது, ஊரு வந்து கதவத் தொறந்து வச்சிட்டு ஒக்காந்திருக்கு." ஸ்வெட்டரை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். "குழாய் போட்டா சூடு நிக்கும்னு புஸ்தகத்துல போட்டுருந்துச்சு. நான் அன்னைக்கே படிச்சேன்."

தணிகாசலம் எழுந்து, பின்பக்கம் ஒட்டிய மண்ணோடு அப்படியே வாசலுக்கு வந்தார். அதற்குள் தெரு கூடியிருந்தது. அவர் தோளில் குழாயைப் பார்த்ததும் போஜராஜன் சிவப்புச் சைக்கிளிலிருந்து அவசரமாக இறங்கினார்.

"என்னங்க சார் இது? குழாய் வேண்டாம்னு நீங்கதானே வெளக்கம் சொன்னீங்க?"

"தப்பாச் சொன்னேன்" என்றார் தணிகாசலம்.

அந்தத் தெருவில் அதுவரை நடந்த எதற்கும் வாயைப் பிளக்காதவர்கள் அதற்குப் பிளந்தார்கள்.

"பாதிப் பேரோடது இன்னும் உள்ள இருக்குதுங்க. குழாய் போட்டா அவ்வளவும் நின்னுடுமே?"

"நின்னுடும். ஆனா எம் பொண்டாட்டிக்குக் குளிருதுங்க" என்றார். "ரொம்ப நாளாக் குளிருது. எங்கிட்ட சொல்லியிருக்கா."

எல்லோரும் ஸ்டெல்லா டீச்சரைப் பார்த்தார்கள். அவருடைய இரண்டாவது வேண்டுதல் இன்னும் உள்ளே இருப்பது தெருவுக்கே தெரியும். டெலிபோன் கேட்டதே அதற்காகத்தான்: பேச்சை நிறுத்திவிட்டு மதுரைக்குப் போன தம்பி ஒரு தடவை கூப்பிட வேண்டும். கறுப்பு டெலிபோனுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

டீச்சர் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார். கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார்.

"போடுங்க சார்" என்றார். "அவன் நம்பர் எங்கிட்ட இருக்கு. நானே பண்றேன்."

ஏணியைப் பிடித்தவர் போஜராஜன். தணிகாசலம் உச்சியில் உட்கார்ந்து குழாயை இறக்க, கீழே கணப்புக்குள் தலையை விட்டு அதன் முனையைப் பிடித்து அடுப்பின் முதுகில் மாட்டியவள் கோமதிநாயகி. புத்தகத்தைப் படித்தவள் அவள்தானே. இன்னும் கொஞ்சம் இறக்குங்க, போதும், எடதுபக்கம் திருப்புங்க என்று புகைபோக்கி வழியாக அவள் குரல் மேலே வந்தது. அவர் அவள் சொன்னபடியெல்லாம் செய்தார். இடைவெளியைத் தகடு வைத்து அடைத்தார்கள். மிச்சமிருந்த வேண்டுதல்கள் கல்லுக்கும் குழாய்க்கும் நடுவில் தங்கிவிட்டன. இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன. கேட்டவர்களில் சிலர் கேட்க வேண்டிய ஆளிடமே போய்க் கேட்டுக்கொண்டார்கள், சிலர் விட்டுவிட்டார்கள். போஜராஜன் சைக்கிளை விடவில்லை.

மாலையில் கூட்டம் கலைந்தது. கடைசியாகப் போனவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார். அடுப்பைப் பற்றவைத்தார்கள். விசிறி ஓடியது, குழாய்க்குள் புகை ஒழுங்காக மேலே ஏறிப் போயிற்று, சூடு முதலில் நாற்காலிக் காலுக்கு வந்தது, பிறகு மேஜைக்கு, பிறகு ஷோகேஸில் கேரம் கோப்பைகளுக்கு நடுவே இருந்த சாமிகளுக்கு. எப்படி வேலை செய்கிறது என்று விளக்க வாயைத் திறந்த தணிகாசலம், திறந்த வாயோடு அப்படியே நின்றார்.

கோமதிநாயகி ஸ்வெட்டரின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றி, உதறி, மடித்து, நாற்காலி முதுகில் போட்டாள். அவளுடைய இடது முழங்கைக்குச் சற்று மேலே மிளகளவில் ஒரு மச்சம் இருந்தது. கல்யாணமான புதிதில் அவர் அதைப் பார்த்திருக்கிறார்.

"கை இன்னும் சில்லுனு இருக்கா?" என்று கேட்டார்.

"தொட்டுப் பாருங்க" என்றாள் அவள்.